ஆம்ப் இரைகிறதா? முதலில் சுவரைப் பாருங்கள்

சேலத்தில் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் புகாரில் முக்கால்வாசி ஒன்றுதான்: "அண்ணா, ஆம்ப் இரையுதுங்ணா." ஆம்ப் என்பது கிட்டாரின் ஒலியைப் பெருக்குகிற பெட்டி. நான் வாயைத் திறப்பதற்குள் மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "நாய்ஸ் கேட் பெடல் ஒண்ணு வாங்கிடட்டுமா?" பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிற பெடல் இது. வாங்கி வைத்தால் வாசிக்காத நேரத்தில் ஆம்ப் வாயை மூடிக்கொள்ளும். தந்தியைத் தொட்டதும் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் திரும்பி வரும். ஒழுகுகிற ஓட்டை விட்டுவிட்டுக் கீழே வாளி வைப்பது போலத்தான்.

நான் எலக்ட்ரீஷியன் படிப்புப் படித்தவன் இல்லை. கல்யாண மண்டபத்திலும் தேவாலயத்திலும் கல்லூரி விழாவிலும் வாசித்துக்கொண்டு, அறுந்த கேபிளுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டு காலம் ஓடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் பக்கம் இரைச்சலின் வேர் பெரும்பாலும் பெடலில் இல்லை, சுவரில் இருக்கிறது. பிளக் பாயின்ட்டில், அதற்குப் பின்னால் போகிற எர்த் ஒயரில், அந்த ஒயர் போய்ச் சேரவேண்டிய மண்ணில். கிட்டார் இரைச்சலைப் பற்றி வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் சுவர் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். இரைச்சல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அதில் நாலைந்து விதம் உண்டு. "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் முனகுவது ஒரு விதம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுற்று. அந்த 50 அப்படியே ஸ்பீக்கருக்கு வந்தால் இந்த முனகல். "ஜ்ர்ர்ர்" என்று பல் கூசுகிற மாதிரி வருவது இன்னொன்று. அதில் 100 சுற்றும் அதன் மடங்குகளும் கலந்திருக்கும். ஏசியை டிசி ஆக்கும்போது அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கமாக மடித்துவிடுகிறார்கள், அதனால் 50 இரட்டித்து 100 ஆகிறது. கிட்டாரின் தடித்த ஈ தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரம் 98 சுற்று. இரைச்சல் அதையொட்டி, ஒரு நூல் ஏறினாற்போலக் கேட்டால் அது 100. யாரும் தந்தியைத் தொடாமலே ட்யூனர் பெடல் 'ஜி' என்று காட்டுவதைச் சிலர் பார்த்திருக்கலாம். பெடலில் கோளாறு இல்லை, அது மின்வாரியத்தின் சுருதியைக் காட்டுகிறது. அமெரிக்காவில் 60 சுற்று என்பதால் அவர்களுடைய ட்யூனர் பி-ஃபிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் தடுமாறும்.

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் காற்று வருமே, அந்த மாதிரி "உஸ்ஸ்" என்று கேட்டால் அது கெயின் சங்கதி, அதாவது உள்ளே வருவதை எத்தனை மடங்கு பெருக்குகிறோம் என்பது. எர்த்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "கரகர", "டப்" என்றால் லூஸ் கான்டாக்ட். கொசு காதருகே பறப்பது போன்ற "கீய்" சத்தம் டிஜிட்டல் பெடலிலிருந்தோ மலிவு அடாப்டரிலிருந்தோ வரும். ஸ்பீக்கர் பக்கத்தில் பழைய பட்டன் போனை வைத்தால் அழைப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் "டிடிட் டிடிட்" என்று கேட்குமே, அது 2ஜி போன் விநாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்புவதால் வருவது. போனை நகர்த்தி வைத்தால் போதும்.

காதால் கேட்டாயிற்று, அப்புறம் கை. ஆம்பில் எதையும் செருகாமல் சத்தத்தை ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் உள்ளீட்டு ஜாக் காலியாக இருக்கும்போது தானாகவே எர்த்தோடு இணைந்துவிடும்படி செய்திருப்பார்கள், எனவே அமைதியாக இருக்க வேண்டும். அப்போதே இரைந்தால் குற்றம் ஆம்பில் அல்லது சுவரில். அமைதி என்றால் ஒரே ஒரு கேபிள், கிட்டார், அதன் வால்யூம் பூஜ்யம். அடுத்து வால்யூம் முழுசாக. அடுத்து ஒரு பெடல். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் எங்கே நுழைகிறது என்று பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். நம் ஆட்கள் எல்லாவற்றையும் செருகிவிட்டு எல்லாக் குமிழையும் ஒரே நேரத்தில் திருகுவார்கள். அதனால்தான் ராத்திரி பதினொன்று வரை ஒத்திகை ஓடுகிறது.

இனி சுவர் விஷயம். இதற்கு ஏற்காட்டில் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

அங்கே ஒரு தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகை. பாடகர் குழு நிற்கிற பக்கம் கிட்டார் ஆம்ப். மிக்ஸரோ கடைசி வரிசைக்கும் பின்னால், மைக்செட்காரர் மேசையில். ஆம்பின் பின்புறத்திலிருந்து மிக்ஸர் வரைக்கும் சாதாரண கிட்டார் கேபிள்களை ஒன்றோடொன்று கோத்து 20 மீட்டருக்கு இழுத்திருந்தார்கள். அந்தக் கேபிளைச் செருகியதும் ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் வண்டு புகுந்த மாதிரி இரைந்தன. கிட்டார் வாசிக்கிற தம்பி புதிதாக வாங்கிய நாய்ஸ் கேட்டை மிதித்து மிதித்துப் பார்த்தான். ஒன்றும் குறையவில்லை. இரைச்சல் அந்தப் பெடலைத் தாண்டிய பிறகுதான் உள்ளே நுழைகிறது, பாவம் அது என்ன செய்யும்?

மைக்செட் அண்ணன் அனுபவஸ்தர். "தம்பி, ஆம்ப் பிளக்குல எர்த் பின்னக் கழட்டி விட்ரு, சத்தம் நின்னுரும். நாங்க எல்லா எடத்துலயும் அதான் பண்றோம்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. கழற்றினால் நின்றிருக்கும். எப்படி நின்றிருக்கும் என்பதுதான் விவகாரம்.

மூன்று பின் உள்ள கருவிகள் பலவற்றின் உள்ளே, மின்சாரம் நுழைகிற இடத்திலேயே ஒரு வடிகட்டி இருக்கும். ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்னக் கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு அதே அளவில் இன்னொன்று. சில்லறை இரைச்சலை மண்ணில் இறக்கிவிடுவது அவற்றின் வேலை. எர்த் ஒயர் எங்காவது அறுந்திருந்தால் அந்த இரண்டு கெப்பாசிட்டரும் நடுவில் தொங்கும், கருவியின் உலோக உடம்பு 230-ல் பாதியான 115 வோல்ட்டில் நிற்கும். கரண்ட் மிகமிகக் கொஞ்சம், ஆனால் டெஸ்டரை வைத்தால் மினுக்கென்று எரியும். புறங்கையால் தடவினால் எறும்பு ஊருவது போல சுறுசுறுக்கும். "ஆம்புல எர்த் அடிக்குது" என்கிறோமே, எர்த் இருந்தால் அப்படி அடிக்காது. எர்த் இல்லாததால்தான் அடிக்கிறது.

அந்தத் தேவாலயத்தில் பாடகர் பக்கத்துச் சாக்கெட் பின்னாளில் போட்டது, அதற்கு என்று தனி எர்த் குழி. பின்பக்கத்துச் சாக்கெட் பழைய வயரிங், அதன் குழி வேறு. அந்த நீளக் கேபிளை உருவிவிட்டு டெஸ்டரை மிக்ஸரின் உலோகத் தகட்டில் வைத்தேன், எரிந்தது. ஆம்பில் வைத்தேன், எரியவில்லை. கோயில் வயர்மேனைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனோம். சில்வர் ஓக் மரத்துக்குக் கீழே, காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஒரு சிமென்ட் மூடி. திறந்து பார்த்தால் ஜிஐ பைப்பின் தலை செம்மண் நிறத்தில் துருவேறிக் கிடந்தது. அதைக் கவ்வியிருந்த கிளாம்ப் இரண்டாகப் பிளந்து, எர்த் கம்பி ஓர் அங்குலம் விலகி அந்தரத்தில் நின்றது. பனியும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊர். எத்தனை வருஷமாக அப்படி இருந்ததோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ஆக, நடந்தது இதுதான். பின்பக்கத்து வயரிங்கில் இருந்த கருவிகள் அத்தனையிலிருந்தும் கசிகிற மின்சாரம் மண்ணுக்கு இறங்க வழியில்லாமல் தேங்கி நின்றது. கிட்டார் கேபிளைச் செருகியதும் அதன் ஷீல்டு, அதாவது நடுக்கம்பியைச் சுற்றியிருக்கிற செம்புப் பின்னல், ஒரு வழியாகக் கிடைத்துவிட்டது. மிக்ஸரிலிருந்து 20 மீட்டர் ஷீல்டு வழியாக ஓடி, ஆம்பின் எர்த் பின்னில் இறங்கி, முன்பக்கத்துக் குழிக்குப் போனது. கேபிளின் ஷீல்டுக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. அதில் கரண்ட் ஓடினால் இரண்டு முனைக்கும் நடுவில் சில மில்லிவோல்ட் வித்தியாசம் விழும். கிட்டார் சிக்னல் அதே ஷீல்டைத்தான் ஒரு கையாகப் பிடித்துக்கொண்டு போகிறது. எனவே அந்த மில்லிவோல்ட்டும் பாட்டோடு சேர்ந்துவிடுகிறது.

இப்போது ஆம்பின் எர்த் பின்னைக் கழற்றினால்? அந்த வழி அடைபடும், ஷீல்டில் கரண்ட் ஓடாது, சத்தம் நிற்கும். கூடவே ஆம்ப், மிக்ஸர், மைக், கிட்டார் தந்தி எல்லாமே மண்ணைத் தொடாமல் மிதக்கும். எங்காவது ஒரு ஃபேஸ் ஒயர் உள்ளே உரசினால் 230 வோல்ட்டும் தந்திக்கு வந்துவிடும், கையில் பிடித்திருப்பவன் வழியாகத்தான் மண்ணுக்குப் போகும். 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே இறந்துபோனார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். அந்தத் தம்பியும் முந்தின நாள் ஒத்திகையில், அந்தக் கேபிளை இழுப்பதற்கு முன், மைக்கில் உதடு பட்டபோது சுரீர் என்று அடித்ததாக அப்புறம்தான் சொன்னான். தந்தி ஒரு குழியின் எர்த்தில், மைக் எர்த்தே இல்லாத மிக்ஸரில். நடுவில் அவன் உதடு.

வயர்மேன் மறுநாள் புதுக் கிளாம்ப் போட்டு, இரண்டு எர்த்தையும் தடித்த கம்பியால் சேர்த்துக் கட்டினார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற ஆர்சிசிபி ஒன்றும் போர்டில் ஏறியது. பெரும் இரைச்சல் போய்விட்டது. ஆனாலும் ஒரு மெல்லிய "ம்ம்ம்" மிச்சம் இருந்தது. இது வேறு ரகம், இதைத்தான் கிரவுண்டு லூப் என்கிறோம். ஆம்பும் மிக்ஸரும் இரண்டு வெவ்வேறு சாக்கெட்டில் ஒழுங்காக எர்த் ஆகியிருக்கின்றன, அவற்றைக் கேபிள் ஷீல்டும் சேர்க்கிறது. எர்த் ஒயரும் ஷீல்டுமாக ஒரு பெரிய வளையம் உருவாகிறது. கட்டடத்துக்குள் ஓடுகிற மெயின் ஒயர்களின் காந்தப்புலம் அந்த வளையத்தில் 50 சுற்றுக் கரண்டை ஓட்டுகிறது. ஜெனரேட்டர் சுருளில் நடப்பதேதான், சின்ன அளவில்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, மிக்ஸருக்குப் பக்கத்துச் சாக்கெட்டிலிருந்தே ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து ஆம்பையும் அதில் செருகுவது. எக்ஸ்டென்ஷனையும் சிக்னல் கேபிளையும் ஒரே வழியில் கொண்டுபோனால் வளையத்தின் பரப்பு சுருங்கிவிடும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு சாண் தள்ளியே கிடக்கட்டும். இன்னொன்று டிஐ பாக்ஸ், சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ-யில் சிக்னல் காந்தப்புலமாகத் தாண்டிப் போகிறது, ஒயர் தொடர்ச்சி இல்லை. அதில் கிரவுண்டு லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் தட்டினால் ஷீல்டின் தொடர்பு மட்டும் அறுபடும், பிளக்கின் எர்த் இருந்த இடத்தில் இருக்கும். மைக்செட் அண்ணன் கழற்றச் சொன்னதும் இந்த சுவிட்ச் செய்வதும் காதுக்கு ஒன்றுதான், உயிருக்கு ஒன்றில்லை. அன்றைக்கு டிஐ போட்டு, எக்ஸ்எல்ஆர் கேபிளில் மிக்ஸருக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்எல்ஆரில் சிக்னல் நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொன்றிலும் போகும். வழியில் ஒட்டுகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும், மிக்ஸர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது போய்விடும். இருபது மீட்டருக்குச் சாதாரண கிட்டார் கேபிள் இழுப்பதே முதல் தப்பு.

எர்த் குழியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. மேலே மண் கொஞ்சம், கீழே கல். பாறை மின்சாரத்தை லேசில் வாங்காது. சேலம் சமவெளியில் மண் இருக்கிறது, ஆனால் சித்திரை வைகாசியில் காய்ந்து வெடித்துவிடும். கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுப் பைப்பை இறக்கி, கோடையில் அதில் தண்ணீர் ஊற்றச் சொன்ன பழைய ஆட்கள் காரணத்தோடுதான் சொன்னார்கள். ஈரமும் உப்பும் இருந்தால்தான் மண் கரண்டை வாங்கும். கோடைத் திருவிழாக்களில் வேனில் வருகிற ஜெனரேட்டர் இன்னும் மோசம், பல இடத்தில் அதற்கு எர்த்தே அடித்திருக்க மாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சுவரில் எர்த் சரியாக இருந்தும் "ஜ்ர்ர்ர்" வந்தால் தலையைத் தூக்கி ஃபேனைப் பாருங்கள். திருகுகிற ரகம் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியை வெட்டி எறிந்துதான் வேகத்தைக் குறைக்கிறது. விநாடிக்கு 100 வெட்டு. வெட்டின முனை கத்தி மாதிரி கூராக இருப்பதால் அதிலிருந்து கிளம்பும் அலை கிட்டாரில் தந்திக்குக் கீழே இருக்கிற பிக்கப் வரைக்கும் பாயும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலோ நிறுத்தினாலோ சத்தம் நின்றால் அதுதான் குற்றவாளி. படிப்படியாகக் 'கட் கட்' என்று திரும்புகிற கெப்பாசிட்டர் ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை கிடையாது, மாற்றிவிடலாம். மின்வெட்டு வந்து இன்வெர்ட்டர் எடுத்ததும் ஆம்பின் குரல் மாறுகிறதா? அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் வேவ் ரகத்தில் அப்படி மாறாது. அம்மாபேட்டைப் பக்கம் தறி ஓடுகிற வீதியில் ஒத்திகை வைத்தால் மோட்டார் போடுகிற, நிறுத்துகிற நேரத்தில் ஆம்ப் "டப்" என்று ஒரு சொடுக்குப் போடும். அதற்கு நான் மருந்து தேடியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறோம்.

சரி, பெடல்களுக்கு வருவோம். அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது பெடலை அல்ல, அதற்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டரை. பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசி, பின்னின் நடுப்பகுதி மைனஸ். வீட்டில் சும்மா கிடக்கிற ரூட்டர் அடாப்டரில் பெரும்பாலும் நடுப்பகுதி பிளஸ், வோல்ட்டும் வேறாக இருக்கலாம். பின் அளவு பொருந்துகிறதே என்று செருகிப் பெடலைச் சுட்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. பழைய ரேடியோ அடாப்டர் என்றால் வடிகட்டல் போதாமல் அந்த 100 சுற்று உள்ளேயே வரும்.

ஒரே அடாப்டரிலிருந்து ஐந்து வால் பிரிகிற ஒயரைத்தான் இங்கே எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ஒலியை முறுக்கேற்றுகிற ஓவர்டிரைவ், ஒரே ஒலியைப் பலர் வாசிப்பதுபோல் ஆக்குகிற கோரஸ் மாதிரி அனலாக் பெடல்கள் ஒவ்வொன்றும் சில மில்லி ஆம்பியரில் ஆரம்பித்துச் சில பத்து வரைதான் குடிக்கும், அவை ஒரே வாலில் சண்டையில்லாமல் இருக்கும். எதிரொலி கொடுக்கிற டிஜிட்டல் டெலே, ரிவர்ப் வந்து சேர்ந்தால்தான் குடும்பம் பிரியும். அவை நூறு, இருநூறு, முந்நூறு என்று இழுக்கும். உள்ளே இருக்கிற கடிகாரத் துடிப்பு எர்த் ஒயரை அசைக்கும், அதே எர்த்தில் நிற்கிற ஓவர்டிரைவ் அந்த அசைவைச் சிக்னல் என்று நினைத்துப் பெருக்கிக் கொடுக்கும். கொசுச் சத்தத்தின் பிறப்பிடம் இதுதான். போதாததற்குப் பெடல்களுக்கு நடுவில் பேட்ச் கேபிளின் ஷீல்டும் அடாப்டரின் மைனஸும் சேர்ந்து குட்டிக் குட்டி கிரவுண்டு லூப்கள் போட்டுவிடும். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனிச் சுற்று உள்ள ஐசொலேட்டட் பவர் சப்ளை இதற்குச் சரியான வழி. கையில் காசு இல்லையென்றால் டிஜிட்டல் பெடலுக்கு மட்டும் தனி அடாப்டர் போடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் பெடல்களை மட்டும் மற்றவற்றோடு கோக்காதீர்கள். 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸின் பழைய அமைப்பில் பிளஸ் பக்கம்தான் எர்த். மைனஸ் எர்த் பெடலோடு ஒரே வாலில் மாட்டினால் அடாப்டர் ஷார்ட் ஆகிவிடும்.

சந்தேகம் வந்தால் நான் கையாளும் வழி ஒரு 9 வோல்ட் பேட்டரி. எந்தப் பெடல்மேல் சந்தேகமோ அதன் அடாப்டரை உருவிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுவேன். சத்தம் நின்றால் பெடல் நிரபராதி.

கேபிள் கதை சின்னதுதான், ஆனால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். சேலத்தில் குகை என்கிற பகுதியிலிருந்து வந்த ஒரு பையனின் கேபிளில் ஆம்ப் ஓயாமல் முனகியது. ஜாக்கின் உலோக மூடியைத் திருகி, உள்ளிருந்த பிளாஸ்டிக் குழலைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பிகள். ஷீல்டே இல்லை. யாரோ ஸ்பீக்கர் ஒயரை வெட்டி ஜாக் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கிட்டார் கேபிளில் நடுவில் ஒரு மெல்லிய கம்பி, அதைச் சுற்றி உறை, பல கேபிள்களில் அதன்மேல் கறுப்பாக மின்சாரம் கடத்துகிற ஒரு பிளாஸ்டிக் படலம், அதற்கும் மேல் செம்புப் பின்னல். அந்தப் பின்னல்தான் குடை. கறுப்புப் படலம் கேபிளை மிதிக்கும்போதும் அசைக்கும்போதும் வருகிற "தட் தட்" சத்தத்தை விழுங்குவதற்கு. பற்றவைக்கும்போது அந்தப் படலத்தை முனையிலிருந்து கொஞ்சம் உரித்துவிட வேண்டும். மறந்தால் நடுக்கம்பியைத் தொட்டு ஒலி மங்கும். பின்னலை முறுக்கும்போது தலைமயிர் மாதிரி ஒரே ஒரு இழை தப்பி நடுமுனையைத் தொட்டாலும் போச்சு, ஆம்ப் ஊமையாகிவிடும். மாற்றியும் செய்யாதீர்கள்: கிட்டார் கேபிளை ஆம்ப் தலைக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் போட்டால் அந்த மெல்லிய கம்பி சூடேறும்.

நீளமும் கணக்கு. சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். பத்து மீட்டர் போனால் மேல் சுரங்களின் பளபளப்புக் குறையும், அதை ஈடுகட்ட டிரெபிளை ஏற்றுவோம், டிரெபிளோடு "உஸ்"ஸும் ஏறும். ஆறு மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மலையில் ஜாக்குகள் கறுத்துவிடும், ஈரக்காற்று சும்மா விடாது. கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சல், நாலு தடவை செருகி உருவினால் கரகரப்புப் போய்விடும்.

கிட்டாருக்குள்ளும் ஒரு ஆன்டெனா இருக்கிறது. 1954-ல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டரின் பிக்கப் ஒவ்வொன்றும் காந்தத்தைச் சுற்றி ஏறக்குறைய 8000 சுற்றுச் சுற்றிய மெல்லிய செம்புக்கம்பி. தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற அதே சுருள் பக்கத்தில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் பிடிக்கும். கிப்சனில் இருந்த செத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வழி எளிமையானது: இரண்டு சுருள், ஒன்றின் காந்தமும் சுற்றுத்திசையும் மற்றதற்குத் தலைகீழ். தந்தியின் சிக்னல் இரண்டு முறை தலைகீழாகி நேராகிக் கூடிவிடும். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தம் ஒரு பொருட்டில்லை, அது ஒரே முறை தலைகீழாகி அடிபட்டுப் போகும். ஹம்பக்கர் என்ற பெயரே அதனால் வந்தது. ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள சிங்கிள் காயில் கிட்டார்தான் இருக்கிறது என்றால் இப்போது வரும் பல கிட்டார்களில் நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றியிருப்பார்கள், சுவிட்சின் இரண்டாம், நான்காம் இடங்களில் ஹம் அடங்கும். மற்ற இடங்களில் உடம்பை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஆம்புக்குப் பக்கவாட்டில் ஒரு கோணத்தில் சட்டென்று அமைதியாகும். மேடையில் நான் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள்.

தந்தியைத் தொட்டால் சத்தம் குறைகிறதா? அது இயல்பு. நம் உடம்பு அறையில் இருக்கிற மின்புலத்தை வாங்கிப் பிக்கப்புக்குக் கொடுக்கிறது. தந்தி எர்த்தோடு இணைந்திருப்பதால் அதைத் தொட்டதும் உடம்பே ஷீல்டாகிவிடுகிறது. கிட்டாரின் உள்குழியில் செம்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் இது நன்றாகக் குறையும். தொட்டால் சத்தம் கூடுகிறது என்றால் உள்ளே ஏதோ கம்பி மாறிப்போயிருக்கிறது.

மிச்சம் இருப்பது கெயின். ஓவர்டிரைவ் பெடலில் 40 டெசிபெல் கெயின் என்றால் உள்ளே வருவதை நூறு மடங்காக்குகிறது. அதற்கு முன்னால் ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் நுழைந்திருந்தால் வெளியே பத்தில் ஒரு வோல்ட். பல கிட்டார் பிக்கப்புகள் கொடுக்கிற சிக்னலே கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதனால்தான் சத்தம் போடுகிற எதையும் டிரைவுக்கு முன்னால் வைக்காதே என்பது. டெலேயும் ரிவர்ப்பும் பின்னால், ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் இருந்தால் அதில். கம்ப்ரசர் சின்ன ஒலியைத் தூக்கிவிடுகிற கருவி, இரைச்சலும் சின்ன ஒலிதான், அதையும் பாகுபாடில்லாமல் தூக்கும். டிரைவில் கெயினைக் கால் பங்கு குறைத்துவிட்டு வால்யூமை ஏற்றிப் பாருங்கள். கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, டிரம்ஸ்காரருக்குக்கூட.

இவ்வளவும் முடித்த பிறகு ஒரு மெல்லிய "உஸ்" மிச்சம் இருக்கும். மின்தடைகளுக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தில் குதிப்பதால் வருவது அது, எந்தக் கருவியாலும் அதைப் பூஜ்யமாக்க முடியாது. நாய்ஸ் கேட் இந்த மிச்சத்துக்குத்தான். டிரைவுக்கு அடுத்து வையுங்கள், டெலேக்கு முன்னால், இல்லாவிட்டால் எதிரொலியின் வாலை நறுக்கிவிடும். ஒரு நீண்ட சுரத்தைத் தட்டி அது தேய்ந்து அடங்குகிற வரைக்கும் காத்திருங்கள். குமிழை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சுரத்தின் வால் வெட்டுப்படும். அங்கிருந்து கொஞ்சம் இறக்கினால் சரியான இடம். ஏற்காட்டுத் தம்பியின் கேட் இப்போது அப்படித்தான் இருக்கிறது, குமிழ் கடிகாரத்தின் ஒன்பது மணி முள்ளைத் தாண்டுவதில்லை.